நல்ல வார்த்தை இல்லாத சங்கீதம்

திபேரியா,
ஷெபாத் மாதம் 12

மத்னயாவுக்கு,

உன் அக்கா யோகானா எழுதுவது. பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறாளே என்று உருகிவிடாதே. கழுதைக்கார ஸெபீதா உப்புமீன் கூடைகளோடு கைசரியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். அவன் கயிறு கட்டி முடிப்பதற்குள் எழுதியாக வேண்டும். கடிதத்தில் மீன் வாடை அடித்தால் அவனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நேற்று அவன் வாசலில் நின்று சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

"அம்மா, கைசரியாவுல பேரரசர் உத்தரவு போட்டிருக்காரு. எல்லாரும் கோயிலுக்குப் போயி அவங்க சாமிக்குச் சாம்பிராணி போட்டு, பலிக்கறி தின்னு, சீட்டு வாங்கணுமாம். சீட்டு இல்லாதவன உள்ள தள்ளுறாங்க. நம்ம ஆளுங்கள ஒண்ணும் கேக்கல. யூதன்னு தெரிஞ்சா 'போய்யா'ன்னு விட்டுடறாங்க. உங்க தம்பி சேந்திருக்காரே, அந்தக் கிறிஸ்தவக் கூட்டத்தத்தான் தேடித் தேடிப் புடிக்கிறாங்க."

நீயும் யூதன்தான். எட்டாம் நாள் உனக்கு விருத்தசேதனம் நடந்தபோது எனக்கு ஆறு வயது. நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே எனக்குத் தத்துவம் எதுவும் சொல்லாதே. என் வீட்டுக்காரர் பெரக்யா இப்போது இங்கே ஜெப ஆலயத் தலைவர். அவர் முத்திரை வைத்த கடிதமும் இரண்டு சாட்சிகளும் வந்து 'இவன் எங்கள் ஆள்' என்று சொன்னால் போதும், உன்னை விட்டுவிடுவார்கள். 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. போன கோடையில் அப்பா இறந்துவிட்டார். உனக்குச் சொல்லி அனுப்பக் கூடாது என்றார்கள், நானும் அனுப்பவில்லை. நீ ஞானஸ்நானம் வாங்கிய செய்தி வந்த அன்று சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஏழு நாள் துக்கம் காத்தவர் அல்லவா. அப்போது நான் அவரோடு உட்காரவில்லை. "செத்தவனுக்குத்தான் உக்காரணும். இவன் அங்க நல்லாத் தின்னுட்டு இருக்கான்" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். ஏழு நாளும் என்னோடு அவர் பேசவில்லை.

கடைசி மாதம் முழுக்க வேதச் சுருளிலிருந்து ஒரே சங்கீதத்தைத்தான் வாசிக்கச் சொன்னார். எது என்று உனக்குத் தெரியும். எந்த வாசிப்பையும் கெட்ட வார்த்தையில் முடிக்கக் கூடாது, ஒரு வரி பின்னால் போய் நல்லதாக எதையாவது திரும்பப் படித்துத்தான் மூட வேண்டும் என்பது நம் வழக்கம். மற்றப் புலம்பல்களில் எப்படியும் ஒரு வரி அகப்பட்டுவிடும். இது இருட்டில் முடிகிறது. அதற்கு முந்திய வரியில் நண்பர்கள் விலகிப் போகிறார்கள். அதற்கும் முன்னால் வெள்ளம். பின்னாலேயே போய்ப் போய், ஆண்டவரை இரட்சகர் என்று கூப்பிடுகிற முதல் வரியில்தான் அப்பாவால் நிற்க முடியும். "அப்பா, முதல் வரிக்கே போயிட்டா மறுபடியும் முழுசாப் படிக்கணுமே. அப்ப எப்பதான் முடியும்?" என்று நீ சின்ன வயதில் கேட்டாய். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த மாதமும் அதை நினைத்துக்கொண்டு ஒருமுறை சிரித்தார். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஸெபீதா கூப்பிடுகிறான். 'சரி' என்று எழுது.

யோகானா

*

கைசரியா,
பிப்ரவரி 9

அக்கா,

உன் கடிதம் மீன் வாடையோடுதான் வந்தது. அப்பா இறந்த செய்தியை அந்த வாடையோடுதான் படித்தேன். அவர் எனக்காக ஒரு தடவை துக்கம் காத்துவிட்டார். அவருக்காக நான் காக்க இங்கே யாரும் என்னோடு உட்காரமாட்டார்கள். அதனால் வேலைக்குப் போனேன்.

நீ பயப்படுகிற அளவுக்கு இங்கே ஒன்றுமில்லை. உத்தரவு வந்திருப்பது உண்மை. எங்களுக்கு வேதம் கற்பிக்கிற ஆசிரியரைப் பிடித்துப் போனதும் உண்மை. புதிய பேரரசர்கள் வந்த புதிதில் இப்படித்தான் ஆட்டம் போடுவார்கள், அறுவடைக்குள் மறந்துவிடுவார்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இங்கே சபையில் இருப்பவர்களுக்குக் கிரேக்கம்தான் தெரியும். சங்கீதங்களை நம் மொழியில் படித்து, சொல்லுக்குச் சொல் பொருள் சொல்ல என்னை வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டை எடுத்தாலும் எங்கள் ஆசிரியர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இதில் பேசுவது யார்? தாவீதா, ஜனங்களா, மெசியாவா? ஒரே பாட்டுக்குள் நான்காம் வரியில் ஒருவர் பேசி, ஐந்தாம் வரியில் இன்னொருவர் பதில் சொல்லக்கூடும். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பாட்டு திறந்துகொள்ளும் என்பார். அப்பா போல, வியாதிக்காரன் ஒருவன் பேசுகிறான் என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள் அல்ல இவர்கள். நானே ஒரு விளக்கம் எழுதினேன், அந்த இருட்டுச் சங்கீதத்துக்கு. சபையில் மூன்று வாரம் வாசித்தார்கள். பிரதி எடுத்து வெளியூர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆக, அத்தானின் முத்திரைக்குள் போய் ஒளிந்துகொள்ள என்னால் முடியாது. கேட்டதற்கு நன்றி.

மத்னயா

*

திபேரியா,
ஆதார் மாதம் 16

மத்னயாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதிலே எழுதுவதில்லை என்று ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீ 'மாட்டேன்' என்று எழுதியும் நான் என் வீட்டுக்காரரிடம் முத்திரை கேட்டேன். உன் அக்கா புத்தி அவ்வளவுதான். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"மொதல்ல இதப் படி."

"கிரேக்கம் எனக்கு எங்க தெரியும்?"

"நான் படிக்கிறேன், கேளு. உன் தம்பி எழுதுனது. அந்தச் சங்கீதத்துல குழிக்குள்ள கிடந்து கத்துறது மெசியாவாம். விலகிப் போன நண்பருங்க யாரு தெரியுமா? நாமதானாம். அதுக்கு ஒரு உதாரணம் வேற. ஒரு யூதத் தகப்பன், உசுரோட இருக்கிற பிள்ளைக்குச் சட்டையக் கிழிச்சுக்கிட்டு, தரையில உக்காந்து ஏழு நாள் துக்கத்துக்கு அவிச்ச பருப்பத் தின்னானாம். அந்த மாதிரிதான் இந்த ஜனமே, எழுந்து வந்தவரப் பொணம்னு சொல்லிட்டு உக்காந்திருக்காம்."

அவர் சுருளைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"ஊர் ஊரா வாசிக்கிறாங்க யோகானா. சித்தோபோலியில நம்ம ஆளு ஒருத்தன் கடைவீதியில போறான், பின்னாடியே 'பருப்பு, பருப்பு'ன்னு கத்துறானுங்களாம். இவனுக்கு நான் முத்திரை வைக்கணுமா?"

மத்னயா, அந்தப் பருப்பு விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது? நான்தான் அப்போது ஸெபீதாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேன். அப்பா உன்னை நினைத்து எப்படி அழுகிறார் என்று உனக்குத் தெரியட்டும், ஒருநாள் திரும்பி வருவாய் என்றுதான் அனுப்பினேன். அதை எடுத்து ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே. படுபாவி. அப்பா சாகும்வரை அந்தச் சுருளைப் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சரி. கோபத்தை எழுதியாயிற்று. இப்போது காரியத்துக்கு வருகிறேன். நீ கேட்காவிட்டாலும் நான் என் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கடைசியில் இறங்கி வந்தார். உன் கைப்பட, நம் மொழியில், இரண்டு வரி எழுத வேண்டும். 'அந்த விளக்கம் தவறு. அந்தச் சங்கீதத்தில் பேசுவது நம் ஜனத்தில் நோய்ப்பட்டு ஒதுக்கப்பட்ட ஒருவன், என் தகப்பன் ஹலாஃப்தா சொன்னபடி.' அவ்வளவுதான். அதை ஜெப ஆலயத்தில் வாசித்துவிட்டு அன்றைக்கே முத்திரை வைத்து ஆட்களை அனுப்புவார். இரண்டே வரி. நீ எவ்வளவோ எழுதியவன்.

யோகானா

*

கைசரியா, சிறை,
மார்ச் 14

அக்கா,

இங்கே காவலாளி ஒருவனுக்கு ஸெபீதாவின் மீன் பிடித்துப்போயிற்று. அதனால்தான் உன் கடிதம் உள்ளே வந்தது, இதுவும் வெளியே வருகிறது.

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்னால் என்னைப் பிடித்தார்கள். பதினான்கு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். கால்களை ஓட்டை போட்ட மரக்கட்டையில் மாட்டியிருக்கிறார்கள். புரண்டு படுக்க வேண்டுமென்றால் வரிசையாக எல்லோரும் புரள வேண்டும்.

பருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உதாரணம் இல்லாவிட்டால் விளக்கம் ஜனங்கள் மனத்தில் நிற்காது என்றார்கள். எனக்கு வேறு உதாரணம் தோன்றவில்லை. அதை வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி அறைந்தது போல எனக்குக் கூசியது. நன்றாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. உன்னிடம் மறைக்கவில்லை.

இங்கே தாலஸ் என்று ஒரு ரொட்டிக்காரர் இருக்கிறார், வயதானவர். பக்கத்துக் கட்டை அவருடையது. முந்தாநாள் நான் மனப்பாடமாக அந்தச் சங்கீதத்தைச் சொன்னேன். பேசுவது மெசியா என்று ஒருவர், இல்லை மரித்த ஆத்துமாக்கள் என்று இன்னொருவர். சண்டை முற்றிவிட்டது. தாலஸ் கத்தினார்: "யாரும் பேசல, சும்மா இருங்கப்பா. பேசுறது என் முழங்கால்." எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் மெதுவாக என்னிடம், "தம்பி, நீ எழுதுனதக் கேட்டுத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். குழிக்குள்ள நமக்கு முன்னாடியே ஒருத்தர் போயிப் படுத்திருக்காருன்னு சொன்ன பாரு, அதப் புடிச்சுக்கிட்டுத்தான் இங்க கிடக்கிறேன்" என்றார்.

அவரைப் போல ஆறு பேர் இருக்கிறார்கள். நான் எப்படி அந்த இரண்டு வரியை எழுதுவேன்? அது தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் கட்டையிலிருந்து காலை உருவிக்கொண்டு போனால், இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள்? அப்பா சொன்னது தவறு என்று இப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. இங்கே கிடக்கும்போது இரண்டும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அத்தான் கேட்பது அது இல்லையே.

உங்கள் பஸ்கா முடிந்துதான் விசாரணை என்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா. பலிபீடத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

எழுதமாட்டேன். ஆனால் நீ மறுபடியும் கேட்காமல் இருந்துவிடாதே.

மத்னயா

*

திபேரியா,
நிசான் மாதம் 8

தம்பி,

இதைச் சாட்சிகளே உன் கையில் கொடுப்பார்கள். படித்ததும் விழுங்கிவிடு, அல்லது கிழித்துப் போடு.

நீ எழுதவில்லை. நான் எழுதிவிட்டேன். அப்பா நம் இரண்டு பேருக்கும் ஒரே பலகையில் ஒரே குச்சியைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள். உன் எழுத்து எது, என் எழுத்து எது என்று அவருக்கே தெரியாது. இரண்டு வரிதானே என்று உட்கார்ந்தேன். நான்கு தாள் வீணாயிற்று.

பெரக்யா ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அவன் எழுத்துதானா?"

"அவன் எழுத்துதான். அந்தக் கொம்பு இழுக்கிறதப் பாருங்க, எங்கப்பா சொல்லிக்குடுத்தது."

"ஸெபீதா கொண்டாந்தானா?"

"மீன் வாடை அடிக்கல?"

அடித்தது. உண்மையிலேயே மீன்கூடைக்குள் ஒரு நாள் வைத்துத்தான் எடுத்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாமா, அவன் திரும்பிட்டான்" என்று பெரியவர் நெகுன்யாவிடம் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ்காவுக்கு வீட்டில் இருக்கக் கூடாத புளித்த மாவைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்ப் பானை பானையாகத் துடைத்தேன்.

நெகுன்யாவும் இன்னொருவரும் முத்திரையோடு கிளம்புகிறார்கள். பஸ்காவுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுவார்கள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பேசுவது யார் என்று அங்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடாதே. பாவம் எதுவானாலும் என் கணக்கில் இருக்கட்டும்.

தாலஸின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

யோகானா

*

கைசரியா,
நிசான் மாதம் 13

அக்கா,

நான் வெளியே இருக்கிறேன். சந்தோஷப்படாதே.

விசாரணை அதிகாரி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் எங்களை முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்பதாம் தேதி. உன் ஆட்கள் அப்போது வழியில் இருந்திருப்பார்கள். கோயில் முற்றத்தில் ஒரு மேசை, ஒரு எழுத்தர், ஒரு நெருப்புச் சட்டி. தாலஸை எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். "நான் ரொட்டிக்காரன். இந்த அடுப்புல எனக்கு வேலை இல்ல" என்றார். அவரைச் சுவர் ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள்.

பிறகு என் பெயர். என் வாய் தானாகச் சொல்லிற்று: "நான் யூதன்."

எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காலையிலேருந்து நீ ஏழாவது யூதன். சாட்சி எங்க?"

"வருவாங்க."

"எப்ப?"

"தெரியல."

"அப்ப ஒரு சிட்டிகை போடு. இல்லேன்னா சுவரோரமாப் போயி நில்லு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

நான் யூதன் என்று சொன்னது தாலஸின் காதில் விழுந்தது அக்கா. அதைக் கேட்ட பிறகும் அவர் சுவரோரமாக எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அதைப் பார்த்துக்கொண்டே நான் மூன்று விரலால் சாம்பிராணியை எடுத்துப் போட்டேன். கறியையும் தின்றேன். சீட்டு கொடுத்தார்கள்.

சுவரோரம் நின்றவர்களைத் தெற்கே சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலோடு தாலஸ் எத்தனை நாள் நடப்பார் என்று நீயே நினைத்துக்கொள். சபையில் என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்கள்.

பதினோராம் தேதி நெகுன்யா வந்தார். முத்திரையை வெளியே எடுத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. நான் ஏன் வெளியே இருக்கிறேன் என்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"சாம்பிராணி போட்டியா?"

"போட்டேன், ஐயா."

"நெஜமாவே போட்டியா?"

சீட்டைக் காட்டினேன். அவர் முத்திரையைத் திரும்பத் துணியில் சுற்றினார். "விக்கிரகத்துக்குப் படையல் போட்டவனுக்கு நாங்க என்ன சாட்சி சொல்றது?" என்றார். உன் கடிதத்தையும் எண்ணெய்க் குப்பியையும் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். குப்பி என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச், ஏப்ரல் என்று போடாமல் நிசான் என்று எழுதியிருக்கிறேனே என்று நீ பார்ப்பாய். எந்த மாதம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னுடையதையே போட்டேன்.

அக்கா, நான் வரட்டுமா? ஜெப ஆலயத்துக்கு வேண்டாம். உன் வீட்டுப் பின்வாசலுக்கு, ஒரு நாள் மட்டும்.

மத்னயா

*

திபேரியா,
இய்யார் மாதம் 2

மத்னயா,

வராதே.

நெகுன்யா வந்து எல்லாவற்றையும் சொன்னார். சிறைக்குள்ளிருந்து நீ எழுதிக் கொடுத்த இரண்டு வரியைப் பற்றி அவர் பேசியபோது நீ ஒன்றும் புரியாமல் விழித்தாய் என்றும் சொன்னார். அவர் போன பிறகு பெரக்யா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எழுதுனது நீதான?" நான் தலையை ஆட்டினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஜனங்க முன்னாடி நான் அத வாசிச்சேன் யோகானா. வாசிச்சுட்டு அழுதேன்" என்றார். மறுநாள் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டார். உனக்கு இனி எழுதுவதில்லை என்று என் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இதை ஒன்றை எழுத அவரே அனுமதித்தார். இப்போது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஒன்பது நாள் கோபித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஆட்கள் இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள். இந்தக் கணக்கை விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ இரண்டு வரி எழுதியிருந்தால் என்று உன்மேல் பழி போடப் பார்க்கிறேன். அது என்னிடமே திரும்பி வந்து நிற்கிறது.

பஸ்கா முடிந்ததும் சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஏழு நாள். அன்றைக்கு அப்பாவோடு உட்காரமாட்டேன் என்றவள்தான். பருப்பும் தின்றேன். நீ உயிரோடு எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறாய் என்று ஒவ்வொரு வாயிலும் தெரிந்துதான் தின்றேன்.

ஏழாம் நாள் அந்தச் சங்கீதத்தை எடுத்தேன். அதில் பேசுவது யார் என்று உங்கள் ஆசிரியரும் அப்பாவும் நீயும் அந்த ரொட்டிக்காரரும் தேடினீர்கள். நான் வேறொன்றைத் தேடினேன். விலகிப் போன நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எங்கேயாவது ஒரு வார்த்தை பேசுகிறார்களா என்று முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். ஏன் போனோம், எங்கே நிற்கிறோம், அங்கே நின்றுகொண்டு அழுகிறோமா என்று எதையாவது சொல்கிறார்களா என்று. இல்லை. அவர்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அப்பாவைப் போல முதல் வரிக்குத் திரும்பிப் போகவில்லை. இருட்டிலேயே சுருளை மூடிவிட்டேன்.

எண்ணெயை நீயே தேய்த்துக்கொள். நடந்து நடந்து உனக்கும் கால் வலிக்கும்.

யோகானா